பன்றி நுரையீரலில் தடுப்பூசி வேலை செய்திருக்கிறதா? ரத்தம் மட்டும் பார்த்தால் போதாது

கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் ஒருவரின் கேள்வி இது: "பன்றிகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டோம். ரத்தத்தில் ஆன்டிபாடி நன்றாக ஏறியிருக்கிறது. அப்புறம் நுரையீரலைத் தனியாக ஏன் பார்க்க வேண்டும்? பார்ப்பதென்றால் எப்படிப் பார்ப்பது?"

ரத்தம் பாதியைத்தான் சொல்லும். சில நேரம் நம்மை ஏமாற்றவும் செய்யும். ஏமாற்றுவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஏம்ஸ் என்ற ஊரில், அந்நாட்டு வேளாண் துறையின் தேசிய விலங்கு நோய் மையம் இருக்கிறது. 2009-இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 வைரஸ் வந்த பிறகு அங்கே ஒரு சோதனை செய்தார்கள். பன்றிகளிடையே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த ஒரு எச்1என்2 வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, அட்ஜுவன்ட் (ஊசியின் பலனைத் தூண்டிவிடும் பொருள்) கலந்து தசையில் ஊசி போட்டார்கள். எச் என்பது வைரஸின் வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். பெயரில் இரண்டுமே எச்1 என்றாலும், அந்த வைரஸின் எச்1-க்கும் 2009 வைரஸின் எச்1-க்கும் ஏகப்பட்ட வித்தியாசம். ஊசி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் நன்றாகவே வந்தது. பிறகு 2009 வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது, ஊசியே போடாத பன்றிகளைவிட ஊசி போட்ட பன்றிகளின் நுரையீரல்தான் மோசமாகக் கெட்டிருந்தது. 2011-இல் இது வெளியானது. 2013-இல் காரணத்தையும் விளக்கினார்கள்: ஊசியால் வந்த ஆன்டிபாடிகள் புது வைரஸின் எச் புரதத்தின் தலைப்பகுதியைப் பிடித்துத் தடுக்கவில்லை. அதன் தண்டுப் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டன. அப்படி ஒட்டியதால், வைரஸ் செல்லோடு இணைந்து உள்ளே நுழைவது இன்னும் எளிதாகிவிட்டது.

இந்தப் பன்றிகளின் ரத்தத்தை எலைசாவில் (ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓட்டி, "முழு வைரஸோடு ஒட்டுகிற ஆன்டிபாடி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டிருந்தால், இருக்கிறது என்றுதான் பதில் வந்திருக்கும். ஒட்டுகிற ஆன்டிபாடி எல்லாம் தடுக்கிற ஆன்டிபாடி இல்லை. அதனால் ரத்தத்திலேயே கூட எலைசாவோடு நிறுத்தாமல், வைரஸைத் தடுக்கிறதா என்று பார்க்கும் நியூட்ரலைசேஷன் சோதனையையும், பின்னால் சவாலாக, அதாவது பாதுகாப்பைச் சோதிக்க வேண்டுமென்றே, கொடுக்கப்போகும் அதே வைரஸை வைத்துச் செய்ய வேண்டும். ஊசியில் இருந்த வைரஸை வைத்து மட்டும் செய்தால் பாதி வேலைதான் ஆனது.

சரி, இப்போது நுரையீரலுக்குள் போவோம். அங்கே தேடுவது இரண்டு விஷயங்களை. மூச்சுப்பாதையின் உள்பரப்பில் மெல்லியதாகப் படர்ந்திருக்கும் திரவத்தில் என்ன ஆன்டிபாடி இருக்கிறது என்பது ஒன்று. நுரையீரல் திசுவிலேயே குடியிருக்கும் டி செல்கள் (எதிர்ப்பாற்றல் செல்களில் ஒரு வகை) எத்தனை, அவை வைரஸின் எந்தப் பகுதியை அடையாளம் கண்டுகொள்கின்றன என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கூட்டத்தை ரத்தத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அவை சுற்றித் திரிவதில்லை. ஒருமுறை நுரையீரலில் இடம் பிடித்தால் அங்கேயே தங்கிவிடும். வைரஸ் வந்தால் டி செல்களில் முதலில் எதிர்கொள்பவை இவைதான்.

திரவத்தை எடுக்கும் முறைக்கு நுரையீரல் கழுவல் என்றே சொல்லலாம். உயிரோடிருக்கும் பன்றியை மயக்கி, மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப்பை விட்டு ஒரு பகுதியை மட்டும் கழுவி எடுப்பது ஒரு வழி. ஒரே பன்றியைப் பலமுறை பார்க்க இதுதான் உதவும். ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் பன்றியை வலியில்லாமல் கொன்று, நுரையீரலை முழுதாக வெளியே எடுத்து, மூச்சுக்குழாய் வழியாக உப்புக் கரைசலை ஊற்றி, லேசாகப் பிசைந்துவிட்டு, திரும்ப வடித்தெடுப்பார்கள். குட்டி நுரையீரலுக்கு நூறு, நூற்றைம்பது மில்லி ஊற்றினால், பாதிக்கு மேல் திரும்பி வந்தாலே நல்ல வேலை. வரும் திரவம் சோப்புத் தண்ணீர்போல நுரைத்துக்கொண்டு வரும். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நுரையீரலே சுரக்கும் பொருள்தான் அந்த நுரை. நுரை நிறைய வந்தால் ஆழத்திலிருந்து வந்திருக்கிறது என்று மனதுக்குத் திருப்தி. இளஞ்சிவப்பாக வந்தால் ரத்தம் கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மாதிரியில் ஆன்டிபாடி அளந்து பயனில்லை, அளப்பது ரத்தத்தின் ஆன்டிபாடியாகத்தான் இருக்கும்.

இங்கே பன்றியின் உடலமைப்பில் ஒரு குசும்பு உண்டு. நமக்கு மூச்சுக்குழாய் முதலில் இடம், வலம் என்று இரண்டாகப் பிரியும், மற்ற கிளைகளெல்லாம் அதற்குப் பிறகுதான். பன்றிக்கு அப்படியில்லை. வலது முன் மடலுக்குப் போகும் குழாய், பிரியும் இடத்துக்கு முன்பே மூச்சுக்குழாயிலிருந்து நேராகத் தனியே கிளம்பிவிடும். ஆடு மாடுகளுக்கும் இப்படித்தான். புத்தகத்தில் இதைப் படித்திருந்தும், முதல் முறை கழுவும்போது நான் குழாயை ஆழமாகச் செருகி, அந்தக் கிளைக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டேன். கரைசல் உள்ளே போகப்போக மற்ற மடல்கள் எல்லாம் புசுபுசுவென்று உப்பின. வலது முன் மடல் மட்டும் அசையாமல் கிடந்தது. அதைக் கவனிப்பதற்குள் மூன்று பன்றிகளை முடித்திருந்தேன். அந்த மடலை விட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பன்றி ஃப்ளூவின் புண்கள் அதிகம் உட்காருவதே முன்பக்க, கீழ்ப்பக்க மடல்களில்தான். கழுவ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கழுவியிருந்தேன்.

வடித்த திரவத்தைச் சல்லடைத் துணியில் வடிகட்டி, பனிக்கட்டியில் வைத்து, சுழற்றிப் பிரித்தால், மேலே நிற்பது ஆன்டிபாடிக்கும் சைட்டோகைனுக்கும் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதம்), அடியில் படிவது செல்களுக்கு. நோயில்லாத பன்றியில் அடியில் படிவதில் பெரும்பகுதி மேக்ரோபேஜ்கள், அதாவது கிருமிகளை விழுங்கும் செல்கள். செல்களுக்கு ஒளிரும் நிறமேற்றி ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் இவை பெரிய தொல்லை. நாம் எந்த நிறமும் ஏற்றாமலேயே தானாக ஒளிரும். டி செல்லைத் தேடுகிறவர் இவற்றை முதலில் கழித்துக்கட்டாவிட்டால், இல்லாத டி செல்லை எல்லாம் இருப்பதாக எண்ணிவிடுவார்.

திரவத்தில் ஆன்டிபாடி அளப்பதில் இன்னொரு சிக்கல். நுரையீரலின் உள்பரப்பில் இருந்த திரவம் கொஞ்சம்தான், நாம் ஊற்றிய கரைசலோ அதைப்போல் பல மடங்கு. எத்தனை மடங்கு நீர்த்தது என்பது பன்றிக்குப் பன்றி மாறும். ஒரு பன்றியில் ஐஜிஏ (ஆன்டிபாடியில் ஒரு வகை) இரண்டு மடங்கு என்று வந்தால், உண்மையிலேயே இரண்டு மடங்கா, அல்லது அதில் கரைசல் குறைவாகக் கலந்ததா? இதற்கு யூரியா கை கொடுக்கும். யூரியா ரத்தத்துக்கும் நுரையீரல் திரவத்துக்கும் இடையே தடையில்லாமல் போய்வருவதால், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே செறிவில் இருக்கும். இரண்டிலும் அளந்து வகுத்தால் எத்தனை மடங்கு நீர்த்தது என்று தெரிந்துவிடும். வைரஸுக்கான ஐஜிஏ-வை அந்தத் திரவத்தின் மொத்த ஐஜிஏ-வோடு விகிதமாகச் சொல்வதும் உண்டு. எதையாவது ஒன்றைச் செய்யுங்கள். எதுவுமே செய்யாமல் நேரடி எண்ணை மட்டும் கொடுக்கும் கட்டுரைகளை நான் அரை மனதோடுதான் படிப்பேன்.

ஆன்டிபாடியின் இன்னொரு வகையான ஐஜிஜி-யையும் ஐஜிஏ-வையும் தனித்தனியாகப் பாருங்கள். நுரையீரலின் ஆழத்தில் இருக்கும் ஐஜிஜி-யில் பெரும்பங்கு ரத்தத்திலிருந்து கசிந்து வருவது. தசையில் போட்ட ஊசி நுரையீரலைக் காப்பாற்றுகிறது என்றால், பெரும்பாலும் இந்த வழியில்தான். ஐஜிஏ சளிப்படலத்திலேயே செய்யப்படுவது, அதனால் உள்ளூர் எதிர்ப்பாற்றலுக்கு அது நல்ல அடையாளம். கூடவே ரத்தப் புரதமான ஆல்புமினையும் அளந்தால், நோயால் ரத்தக்குழாய்ச் சுவர் ஓட்டையாகி எல்லாமே கசிந்துகொண்டிருக்கிறதா என்றும் தெரியும்.

இனி டி செல்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நுரையீரலை நறுக்கி, நொதியில் ஊறவைத்து, செல்களைப் பிரித்தெடுத்து, "நுரையீரல் டி செல்கள்" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நுரையீரல் என்பது ரத்தத்தில் ஊறிய பஞ்சு. உடலின் ரத்தம் முழுவதும் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. கழுவித் துடைத்தாலும் நுண்குழாய்களில் சிக்கிய ரத்த செல்கள் போகாது. ஆக, நுரையீரல் என்று நினைத்து எண்ணுவதில் கணிசமான பங்கு ரத்தமாகவே இருக்கும்.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள பிர்பிரைட் ஆய்வு நிறுவனத்தில் எல்மா சிலியன் குழுவினர் இதற்கு அழகான ஒரு தீர்வைப் பன்றிகளில் பயன்படுத்தினார்கள். பன்றியைக் கொல்வதற்குச் சுமார் 10 நிமிடம் முன்பு, டி செல்களில் ஒட்டும் சிடி3 ஆன்டிபாடியை ரத்தக் குழாயில் செலுத்துவார்கள். அந்தச் சில நிமிடங்களில் அது ரத்தத்தில் ஓடும் டி செல்களையெல்லாம் பிடித்துக்கொள்ளும். ஆனால் திசுவுக்குள் ஆழமாக ஊடுருவ நேரம் போதாது. பிறகு ஆய்வகத்தில் பார்க்கும்போது, ஆன்டிபாடி ஒட்டியவை குழாயில் இருந்தவை, ஒட்டாதவை திசுவில் குடியிருந்தவை. கழுவல் திரவத்தில் வரும் டி செல்களில் கிட்டத்தட்ட எதிலுமே அது ஒட்டியிருக்காது. காற்றறைப் பக்கம் இருந்தவை அவை. எலியில் வழக்கமாக இருந்த தந்திரம்தான் இது, ஆனால் பன்றியில் இதற்கு மதிப்பு அதிகம். எலிக்குக் குடியிருப்பு டி செல்களை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகள் கடையில் தாராளமாகக் கிடைக்கும். பன்றிக்கு ஏற்றவை அப்படிக் கிடைப்பதில்லை. இல்லாத சாமானுக்கு மாற்று வழி கண்டுபிடித்தே பன்றி இம்யூனாலஜி வளர்ந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு மாற்று வழியும் அங்கிருந்தே வந்தது. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் உறவுக்குள்ளேயே பல தலைமுறை இனப்பெருக்கம் செய்து உருவாக்கிய பன்றிகள் உண்டு. ஒன்றின் தோலை இன்னொன்றில் ஒட்டினால் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு ஒன்றுபோல இருப்பவை. சாதாரணப் பண்ணைப் பன்றிகளில் வைரஸ் துண்டை டி செல்லுக்கு எடுத்துக்காட்டும் எம்எச்சி மூலக்கூறு ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருப்பதால், வைரஸின் எந்தத் துண்டை எந்த டி செல் அடையாளம் காண்கிறது என்று ஒரே கருவியால் பார்க்க முடியாது. பாப்ரஹாம் பன்றிகளில் முடியும். 2018-இல் அந்தப் பன்றிகளுக்கான டெட்ராமர்களை (எம்எச்சி-யையும் வைரஸ் துண்டையும் சேர்த்துச் செய்த, அதை அடையாளம் காணும் டி செல்லில் மட்டும் ஒட்டும் கருவி) செய்து, மூச்சு வழியாகக் கொடுத்த தடுப்பூசிக்குப் பிறகு ஃப்ளூவுக்கான சிடி8 டி செல்கள் (தொற்றிய செல்லைக் கொல்லும் வகை) மூச்சுப்பாதையில் சேர்ந்திருப்பதை நேராகவே எண்ணிக் காட்டினார்கள். டெட்ராமர் இல்லாதவர்கள் வழக்கமான வழியில் போகலாம்: செல்களை வைரஸோடோ அதன் பெப்டைடுகளோடோ (சிறு புரதத் துண்டுகள்) வளர்த்து, இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைன் சுரக்கிறதா என்று, சுரக்கும் செல்களைப் புள்ளிகளாக எண்ணும் எலிஸ்பாட்டிலோ ஃப்ளோ சைட்டோமெட்ரியிலோ பார்ப்பது. அது போதுமானதுதான். ஆனால் ரத்தம், கழுவல், திசு, மார்பு நிணநீர் முடிச்சு என்று நான்கிலும் ஒரே நாளில் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் செய்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

தடுப்பூசி எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை நிறையப் பேர் கேட்பதே இல்லை. மூக்கில் தெளித்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று நினைப்போம். பிர்பிரைட் குழு 2020-இல் கதிரியக்கத் தடயப் பொருளைக் கலந்து காமா கேமராவில் பார்த்தது. மூக்கில் பீய்ச்சியது பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிட்டது. நெபுலைசர் வைத்து மெல்லிய புகைபோல, முகமூடி வழியாகப் பன்றியை மூச்சிழுக்கவிட்டுக் கொடுத்தால்தான் நுரையீரலுக்குள்ளும் போனது. துளியின் அளவு சுமார் 5 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் ஆழத்துக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே "மூக்கு வழித் தடுப்பூசி நுரையீரலில் டி செல்லை உண்டாக்கவில்லை" என்று முடிவு கட்டும் முன், அது நுரையீரலைத் தொட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பது. ஆக்ஸ்ஃபோர்டில் அலன் டவுன்செண்ட் உருவாக்கிய எஸ்-ஃப்ளூ என்ற தடுப்பூசி, ஒரே ஒரு சுற்று மட்டும் செல்லுக்குள் நுழைந்து, புது வைரஸை உண்டாக்க முடியாமல் நின்றுவிடும் வைரஸ். எச்3என்2 வகை எஸ்-ஃப்ளூவைப் பன்றிகளுக்கு ஏரோசோலாகக் கொடுத்து, பிறகு 2009 எச்1என்1-ஆல் சவால் கொடுத்தார்கள். இரண்டின் வெளிப்பரப்புப் புரதங்களும் வேறு என்பதால் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி இங்கே உதவாது, டி செல்லை நம்பியே தடுப்பு. பன்றிகளின் நுரையீரலில் குடியிருக்கும் டி செல்கள் நன்றாகவே வந்தன, நுரையீரல் புண்களும் குறைந்தன. ஆனால் வைரஸின் அளவு குறையவில்லை. ஃபெரட்களில் (கீரிபோன்ற சிறு விலங்கு) செய்தபோதோ வைரஸ் அளவே குறைந்தது. 2018-இல் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டார்கள். மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து, வைரஸின் மரபணுவை அளக்கும் பிசிஆரில் ஓட்டி மட்டும் பார்த்திருந்தால், பன்றிகளில் இந்தத் தடுப்பூசி தோல்வி என்று எழுதியிருப்போம். பன்றி வளர்ப்பவருக்கு எடை குறையாமல், இருமாமல் இருந்தால் போதும். மனிதருக்குத் தொற்றாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு வைரஸ் வெளியேறுவது நிற்க வேண்டும். யாருக்காக அளக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

எப்போது அளப்பது என்பதிலும் தவறு நடக்கும். சவால் வைரஸ் கொடுத்து ஐந்தாறு நாள் கழித்து நுரையீரலைத் திறந்தால், பார்க்கும் டி செல்களில் எது ஊசியால் வந்தது, எது தொற்றால் வரத் தொடங்கியது என்று பிரிப்பது கடினம். அதனால் சவாலுக்கு முந்தைய நாளே ஒவ்வொரு குழுவிலும் சில பன்றிகளைத் தியாகம் செய்ய வேண்டும். பன்றி விலையைப் பார்த்து இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டக் கூடாதது இதுதான்.

பண்ணையில் இவ்வளவும் முடியாது, தெரியும். அங்கே வேறு வழிகள். தொழுவத்தில் ஒரு பருத்திக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டால் பன்றிகள் வந்து மெல்லும். அரை மணி நேரம் கழித்துப் பிழிந்தால் எச்சில் கிடைக்கும். அதில் வைரஸும் பார்க்கலாம், ஐஜிஏ-வும் பார்க்கலாம். நுரையீரலைப் பற்றி நேரடியாகச் சொல்லாது, ஆனால் மொத்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். கறிக்கூடத்தில் நுரையீரலைப் பார்த்து மதிப்பெண் போடுவது இன்னொரு வழி. ஏழு மடல்களுக்கும் தலா 0 முதல் 4 வரை, மொத்தம் 28 என்ற முறை பரவலாக உள்ளது. பன்றிக்கு நுரையீரல் அழற்சி தரும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா ஹயோநிமோனியேவுக்கான தடுப்பூசிகளின் பலனை இதில்தான் அதிகம் பார்க்கிறார்கள். அந்தத் தடுப்பூசிகள் புண்ணைக் குறைக்கும், ஆனால் கிருமி மூச்சுப்பாதையில் ஒட்டிக்கொள்வதை நிறுத்துவதில்லை. கறிக்கூட மதிப்பெண்ணில் ஒரு எச்சரிக்கை: சில மாதங்களில் பழைய புண் ஆறிவிடும். சின்ன வயதில் நோய் வந்துபோன பன்றி, கறிக்கு வரும்போது சுத்தமான நுரையீரலைக் காட்டக்கூடும்.

உங்களுக்கு இருக்கும் பன்றிகள் குறைவு என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஆரம்பத்திலேயே மூன்று விஷயங்களைச் சரிபார்த்துவிடுங்கள். முதலாவது தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி. பன்றிக்குட்டி ஆன்டிபாடியே இல்லாமல்தான் பிறக்கும், எல்லாம் சீம்பாலில் வருவது. அது ரத்தத்தில் நிற்கும் வாரங்களில் ஊசி போட்டால் ஊசியை அதுவே அமுக்கிவிடும். இரண்டாவது, வாங்கிவந்த பண்ணையில் ஏற்கெனவே ஃப்ளூ வந்திருந்ததா என்பது. மூன்றாவது குடற்புழு. சிரிக்காதீர்கள். பன்றியின் உருண்டைப்புழு லார்வாக்கள் குடலுக்குத் திரும்பும் முன் நுரையீரல் வழியாகத்தான் பயணம் போகின்றன. போகும் வழியில் ஈசினோஃபில்களை (ஒரு வகை வெள்ளை ரத்த அணு) இழுத்துவந்து கழுவல் திரவத்தையே மாற்றிவிடும். புழு இருந்த பன்றிகளில் மைக்கோபிளாஸ்மா தடுப்பூசியின் பலன் குறைந்ததாக 2009-இல் வெளியான ஒரு ஆய்வே இருக்கிறது. சோதனை தொடங்குவதற்குப் போதிய வாரங்கள் முன்பே புழு மருந்து கொடுத்து, சாணத்தில் முட்டை இல்லை என்று பார்த்த பிறகு ஊசியை எடுங்கள். கழுவும்போது குழாயை ஆழமாகச் செருக வேண்டாம். வலது முன் மடலும் உப்புகிறதா என்று பார்த்துவிட்டு முடிச்சை இறுக்குங்கள்.